வந்த வண்டி, வேண்டிய வண்டி: தாராவியின் பழைய சைக்கிள் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மும்பையில் பழைய சைக்கிளுக்குப் பஞ்சமே கிடையாது. செம்பூர், முலுண்ட், மாட்டுங்கா பக்கம் எந்த ஹவுசிங் சொசைட்டிக்குப் போனாலும் மாடிப்படிக்குக் கீழே ஐந்தாறு வண்டி தூசி பிடித்துக் கிடக்கும். 2020 ஊரடங்கின்போது ஆசையாக வாங்கிய கியர் வண்டி, பிள்ளை வளர்ந்ததும் ஓரங்கட்டப்பட்ட 16 இன்ச், 20 இன்ச் வண்டிகள். அவற்றைத் தானமாகக் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. ஆனால் தாராவியில் சைக்கிள் கேட்டு வருகிறவருக்கு வேண்டியது அதுவல்ல. அதிகாலையில் இட்லிப் பானையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கு, பின்கேரியரில் ஓர் ஆள் எடையைத் தினமும் தாங்கும் பார் வண்டி, அதாவது சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே குறுக்குக் குழாய் உள்ள பழைய கனத்த இரும்பு வண்டி, வேண்டும். 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இயங்கும் சமூகச் சைக்கிள் கடை, தானமாய் வந்த வண்டிக்கும் தேவைப்படும் வண்டிக்கும் நடுவிலுள்ள இந்தத் தூரத்தை எப்படிக் கடக்கிறது, எங்கே கடக்க முடியாமல் நிற்கிறது என்பதே இந்த ஆய்வு.

கடை என்றால் பத்துக்குப் பதினைந்து அடி அறை, மேலே ஒரு பரண். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிய குடும்பங்கள். பழைய பொருள் தொழிலின் மையமான 13-ஆம் காம்பவுண்ட் பக்கத்திலேயே இருப்பது வசதிதான், ஆபத்தும்கூட. ஒரு வண்டியைப் பிரித்துச் சரிசெய்ய ஒரு நாள் ஆகும். அப்படியே பங்கார்க்காரரிடம் (பழைய இரும்பு வாங்குபவரிடம்) எடைக்குப் போட்டால் பத்து நிமிடத்தில் காசு. இடமோ இல்லை. அவசரத்துக்கு எடைக்குப் போட ஆரம்பித்துவிட்டால் கடை வெறும் பங்கார் கடையாகிவிடும்.

வண்டி உள்ளே வரும் வழி

முதல் விதி, கடிதம் இல்லாமல் வண்டி எடுப்பதில்லை. சொசைட்டி கமிட்டி அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டி, உரிமை கேட்டு யாரும் வராத வண்டிகளை மட்டும் பட்டியல் போட்டு, முத்திரையோடு கொடுக்க வேண்டும். பட்டியலில் கம்பெனி, நிறம், ஃபிரேம் எண் மூன்றும் இருக்க வேண்டும். எண் பெரும்பாலும் பெடல் அச்சுக் கூட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும், சில வண்டிகளில் சீட் குழாயின் மேல்முனையில். துரு மூடியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸ் பூசித் துடைத்தால் எழுத்து தெரியும். எண்ணை வேண்டுமென்றே ராவி எடுத்திருந்தால் அந்த வண்டி வாசலோடு சரி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். ஏழைகளுக்கு உதவும் கடை என்பது அங்கே ஒரு வாதமே ஆகாது.

அடுத்து தரம் பிரிப்பது. இதற்கு ஒரு காந்தம், ஒரு நூல், ஒரு டார்ச் போதும். காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இந்த வேறுபாடு முக்கியம். இரும்பு ஃபிரேமில் விரிசல் இருந்தால் கேஸ் வெல்டிங்கில் அடைக்கலாம். அலுமினிய ஃபிரேம் சூட்டுப் பதப்படுத்தலால் பலம் பெற்றது. தெரு வெல்டிங் அந்தப் பதத்தையே கெடுத்துவிடும். பற்றவைத்த இடம் பார்க்க நன்றாக இருக்கும், அதை அடுத்த இடத்தில் ஒடியும். ஆகவே விரிசல் விட்ட அலுமினியம் நேராக எடைக்குப் போகிறது. டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது, ஹேண்டில் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கம். அங்கே பெயின்ட் சுருங்கியோ உப்பியோ இருந்தால் வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. நூலைப் பின் ஃபோர்க்கின் ஒரு முனையில் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி மறு முனைக்குக் கொண்டுவந்து இழுத்துப் பிடித்து, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பின்பக்கம் நேர். சில மி.மீ. வித்தியாசம் இரும்பில் நிமிர்த்தக்கூடியதே.

முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலிவு ‘டபுள் ஷாக்’ வண்டிகள் பற்றிக் கடையின் நிலை கறாரானது, சரியானதும்கூட. அவற்றைப் பிரித்து உதிரியாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. கேரியர் பொருத்த இடமில்லை, எடை ஏற்றினால் ஊஞ்சல் ஆடும், ஸ்பிரிங் இணைப்பின் புஷ் தேய்ந்தால் மாற்று கிடைப்பதில்லை. புது வண்டியாய்க் கடையில் நிற்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கும்.

பிரிக்கும்போது புதிதாக வருகிற பையன்கள் தவறாமல் செய்கிற ஒரு பிழை உண்டு. ரிம் போய்விட்டது, ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மட்டும் வேண்டும் என்று கட்டரை எடுத்து ஸ்போக்ஸ் கம்பிகளை வெட்டிவிடுவார்கள். பிரீவீல், அதாவது செயின் ஓடும் பின் பல்சக்கரம், ஹப்போடு மரையில் இறுகியிருக்கும், ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்கியே வந்திருக்கும். அதைக் கழற்ற, ரிமூவரை வைஸில் பூட்டி, சக்கரத்தை மேலே வைத்து, ஸ்டியரிங் திருப்புவதுபோல் திருப்ப வேண்டும். ரிம் இருந்தால்தான் அந்தப் பிடி. கம்பியை வெட்டியபின் கையில் இருப்பது பிடிக்க வழியில்லாத ஓர் உருளை. ஹப்பும் போச்சு, பிரீவீலும் போச்சு. முதலில் பிரீவீல், பிறகுதான் கம்பி.

பொருந்துவதுபோல் தெரிந்து பொருந்தாதவை

தானமாக வரும் டயர்களில் பாதி வீணாவது அளவுக் குழப்பத்தால். 28 என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. பழைய பார் வண்டியின் 28 × 1½ டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. இப்போதைய ஹைபிரிட் வண்டிகளின் 700-சி டயரிலும் 28 என்று அச்சிட்டிருக்கும், அதன் விட்டம் 622. பதின்மூன்று மி.மீ. வித்தியாசம். முதலாவதை இரண்டாவதன் ரிம்மில் போட்டால் தொளதொளவென்று நின்று, காற்றடிக்கும்போது ட்யூப் வெளியே பிதுங்கி வெடிக்கும். மாற்றிப் போட்டாலோ ஏறவே ஏறாது. 26-லும் இதே கதை. எம்டிபி (மவுண்டன் பைக்) வண்டியின் 26 × 2.125 உட்காருவது 559-இல், லேடீஸ் வண்டியின் 26 × 1⅜ உட்காருவது 590-இல். கடையில் இன்ச் கணக்கை விட்டுவிட்டு, டயரின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மூன்றிலக்க எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிறார்கள். பரணில் நாலு ஆணி, ஒவ்வொன்றுக்கு மேலும் ஒரு எண்.

கியர் வண்டியின் அலுமினிய ரிம் சக்கரத்தைக் கழற்றிப் பார் வண்டிக்குப் போட்டால் நல்லதுதானே என்று தானம் கொடுப்பவர்கள் கேட்பது உண்டு. போட முடியாது. பார் வண்டியின் பின் ஃபோர்க் இடைவெளி சுமார் 110 மி.மீ. கியர் வண்டியின் ஹப் 130, 135. விரித்து நுழைத்தாலும் பிரேக் சேராது. பார் வண்டியின் ராடு பிரேக் கட்டைகள் ரிம்மின் உள்முகத்தைக் கீழிருந்து மேலாக இழுத்துப் பிடிப்பவை, அலுமினிய ரிம் பக்கவாட்டில் பிடிபடுவதற்கென்று செய்தது.

நல்ல விஷயம், பார் வண்டிகளின் உதிரிகள் கம்பெனி பார்ப்பதில்லை. அட்லஸ் சைக்கிள் கம்பெனி 2020 ஜூனில் சாஹிபாபாத் ஆலையை மூடியபோது பழைய அட்லஸ் வைத்திருந்தவர்கள் கவலைப்பட்டார்கள். ஆனால் கோன், கப் (குண்டுகள் உருளும் உள், வெளி இருக்கைகள்), அச்சு, செயின் எல்லாம் ஹீரோவுக்கும் ஹெர்குலிஸுக்கும் ஒரே குடும்பம்தான். பெயர்ப் பலகை மட்டும் கிடைக்காது.

ஓவராயில்

ஃபிரேம் தேறிவிட்டால் முழு ஓவராயில், அதாவது எல்லாவற்றையும் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பூட்டுவது. முன் ஹப்பில் ஒரு பக்கத்துக்கு 3/16 இன்ச் பால்ரஸ் (இரும்புக் குண்டு) பத்து, பின் ஹப்பில் 1/4 இன்ச் ஒன்பது, பெடல் அச்சில் 1/4 இன்ச் பதினொன்று. எண்ணிக்கை மறந்துபோனால் கப் நிறையப் போட்டு ஒன்றை எடுத்துவிட வேண்டும். நெருக்கி அடைத்தால் குண்டுகள் ஒன்றையொன்று உரசித் தேயும். பழையதில் நாலு நன்றாயிருக்கிறது என்று புதிய ஐந்தோடு கலப்பதைக் கடை அனுமதிப்பதில்லை. புதுக் குண்டு இம்மியளவு பெரிது, எடை முழுவதும் அதன் தலையில் விழும், அது நொறுங்கி கோனையும் கூட்டிக்கொண்டு போகும். கோனில் குண்டு ஓடும் தடத்தை நகத்தால் வருடினால் குழி தட்டும். தட்டினால் கோன் மாற்று. கோனை இறுக்கும் அளவுக்குப் பழைய மெக்கானிக்குகளின் சோதனையே போதும்: சக்கரத்தை மெல்லத் தள்ளிவிட்டால், வால்வின் சொற்ப எடையே அதைச் சுழற்றி, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும். வழியில் நின்றால் இறுக்கம் அதிகம். பிறகு ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘டொக்’ என்ற சத்தம் வரக்கூடாது.

பிரீவீலுக்கு கிரீஸ் வைக்கக்கூடாது என்பதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. உள்ளே இருக்கும் சின்னப் பல்நாக்குகள் மெல்லிய ஸ்பிரிங்கால் எழும்புபவை. கிரீஸில் ஒட்டிக்கொண்டால் எழும்பாது, மிதி வெறுமனே சுற்றும், அதுவும் சரியாக சிக்னலில் எழுந்து மிதிக்கும்போது. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டதால் டீசலில் அலசி, காயவிட்டு, மெல்லிய ஆயில் மட்டும். அலசிய டீசலை டப்பாவில் ஓரிரவு வைத்தால் அழுக்கு அடியில் படியும், மேலே தெளிந்ததை வடித்து மறுபடி பயன்படுத்தலாம்.

கிராங்கை (பெடல் தாங்கும் கையை) அச்சோடு பூட்டும் காட்டர் பின்தான் பொறுமையைச் சோதிக்கும். கழற்றும்போது நட்டை மரையின் முனையோடு சமமாக வைத்து, கிராங்குக்குக் கீழே ஒரு தடித்த குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து, ஒரே பலமான அடி. முட்டு இல்லாமல் சின்னச் சின்னதாகத் தட்டினால் பின் வளைந்து தலை விரிந்து, டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். தட்டுகிற தட்டெல்லாம் உள்ளே இருக்கும் பால்ரஸிலும் இறங்கும். மாட்டும்போது இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே திசையில் போனால் பெடல்கள் ஒரு நேர்கோட்டில் நிற்காது. பின்னை இறுக்குவது சுத்தியல்தான், நட்டு அது கழன்றுவிடாமல் பிடிக்க மட்டும். நட்டைத் திருகி இழுக்கப் பார்த்தால் மரை அறுந்துவிடும். ஓட்ட ஆரம்பித்துச் சில நாளில் பின் கொஞ்சம் இளகும், அப்போது மறுபடி ஓர் அடி கொடுத்து நட்டை இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட வண்டிகளில்தான் கிராங்கின் துளை முட்டை வடிவமாகிறது.

செயினை அளவுகோலால் பார்க்கலாம். 12 இன்ச்சில் சரியாக 12 ஜோடிக் கண்ணிகள் (உள்கண்ணி, வெளிக்கண்ணி சேர்ந்து ஒரு ஜோடி) இருக்க வேண்டும். 1/16 இன்ச் தள்ளியிருந்தால் செயின் மாற்று. 1/8 தள்ளியிருந்தால் பிரீவீல் பல்லும் கூடவே தேய்ந்திருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் பல்லைத் தாண்டிக் குதிக்கும்.

இட்லி வண்டி

பானை, சாம்பார்த் தூக்கு, சட்னி, தண்ணீர்க் கேன், தட்டு எல்லாம் சேர்ந்து பின் சக்கரத்தின்மேல் உட்காருகின்றன. இந்த வண்டிகள் கடைக்கு வருவது பெரும்பாலும் ஒரே புகாரோடு. பின் சக்கரத்தில், பிரீவீல் இருக்கும் வலப்பக்கத்தில், கம்பி வளைந்து ஹப்புக்குள் நுழையும் கழுத்தில் ஒடிந்திருக்கும்.

எடை தாங்காமல் ஒடிந்தது என்பதே எல்லோரும் சொல்லும் காரணம். அது பாதி உண்மை. பார் வண்டியின் பின் சக்கரத்தில் 40 கம்பி, முன்னால் 32. நாற்பதும் ஒரே இழுவையில் இருந்தால் அந்த எடையைத் தாங்கும். ஆனால் தெருவோரத்தில் கோட்டம் எடுக்கும்போது, வளைந்த இடத்துக்கு எதிரே இருக்கும் இரண்டு கம்பியை மட்டும் முறுக்கிவிடுவார்கள். ரிம் நேராகத் தெரியும், ஆனால் சில கம்பி வீணைத் தந்தியாகவும் சில கொடிக்கயிறாகவும் இருக்கும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை தொய்கிறது. அப்படி மடங்கி மடங்கித்தான் கழுத்தில் ஒடிகிறது. ஒன்று ஒடிந்ததும் பக்கத்துக் கம்பியில் சுமை ஏறும், அதுவும் போகும்.

ஆகவே கடையில் ஒடிந்த கம்பியை மட்டும் மாற்றுவதில்லை. எல்லா நிப்பிளையும் (கம்பியை ரிம்மில் பூட்டும் சின்ன நட்டு) மரையில் ஒரே அளவுக்குத் தளர்த்தி, கால் சுற்றுக்கு மேல் போகாமல் சுற்றிச் சுற்றி வந்து ஏற்றுகிறார்கள். விரலால் சுண்டினால் ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பிறகு அடுத்தடுத்த கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிசைய வேண்டும், அப்போது ‘டிக் டிக்’ என்று கம்பிகள் தத்தம் இடத்தில் உட்காரும் சத்தம் கேட்கும். மறுபடி கோட்டம் பார்க்க வேண்டும். ராடு பிரேக் வண்டிக்கு இடவல ஆட்டத்தைவிட மேல்கீழ் ஆட்டம் முக்கியம், பிரேக் கட்டை பிடிப்பது உள்முகத்தை என்பதால்.

தடித்த கம்பி போட்டுவிடு என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரணக் கம்பி 14 கேஜ், 2 மி.மீ. தடித்தது 12 கேஜ், 2.6 மி.மீ. அது வேண்டுமானால் ஹப்பின் துளை, நிப்பிள், ரிம் துளை எல்லாம் அதற்கேற்ப இருக்க வேண்டும். முழு சக்கரமாகவே கட்ட வேண்டும். ஒடிந்த இடத்தில் மட்டும் ஒரு தடிக்கம்பி போடுவது அடுத்த ஒடிவுக்கு நாள் குறிப்பது.

கட்டிய சக்கரம் ஒரு வாரம் ஓடியபின் இளகும். அந்த ஒரு வார வரவைப் பெறுவதுதான் கடைக்குப் பெரும்பாடு.

“அண்ணாச்சி, அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டு வந்துருங்க. ஒரு தடவ கம்பிய ஏத்திவிட்டாத்தான் நிக்கும்.”

“யாவாரத்த விட்டுட்டு வரணுமாடே? ஓடுற வண்டிய எதுக்குக் கெடயில போடணும்?”

இதற்குக் கடை கண்ட வழி எளிது. வியாபாரம் முடிந்து பானை காலியாகித் திரும்பும் பதினோரு மணிவாக்கில், வண்டியைத் தலைகீழாக்காமல், டபுள் ஸ்டாண்டில் நிறுத்தியபடியே இருபது நிமிடத்தில் இழுவை பார்த்து அனுப்பிவிடுவது. காலையில் கொண்டுவரச் சொன்ன காலத்தில் ஒருவரும் வரவில்லை. நேரத்தை மாற்றியபின் வருகிறார்கள்.

அடுத்த பலவீனம் பின் அச்சு. பிரீவீல் ஹப்பில் வலப்பக்கப் பால்ரஸ் ஃபோர்க்கிலிருந்து மிகவும் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து வெளியே நீளும் 3/8 இன்ச் அச்சு, பள்ளத்தில் விழும்போதெல்லாம் கொஞ்சம் வளைகிறது. கழற்றிய அச்சைக் கண்ணாடிமேல் உருட்டினால் தள்ளாட்டம் தெரியும். வளைந்த அச்சை நிமிர்த்துவது வீண், வளைந்த இடத்திலேயே ஒடியும். அச்சு விலை அற்பம். அதைவிடப் பலன் தருவது சுமையை இறக்கிக் கட்டுவது. சீட்டுக் குழாயில் மட்டும் தொங்கும் கேரியரை நீக்கிவிட்டு, இருபுறமும் அச்சு வரை இறங்கும் கால்கள் உள்ள பால்காரர் கேரியர் போட வேண்டும். தண்ணீர்க் கேனைப் பானைக்குமேல் அடுக்காமல் கேரியரின் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். பழைய ட்யூப்பை நீளவாக்கில் வெட்டிய பட்டைதான் கட்டுக்கயிறு. நைலான் கயிறு சூடான பாத்திரத்தில் பட்டால் இளகும்.

சாம்பார் வழிந்து கேரியர் நட்டுகளிலும் ரிம்மிலும் உப்பு படிவதையும் சொல்ல வேண்டும். கடல்காற்று வேறு. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காத வண்டியில் நிப்பிள்கள் துருவில் இறுகிவிடும். பிறகு திருகினால் கம்பிதான் முறுகும்.

கியர் வண்டியை என்ன செய்வது

இரும்பு ஃபிரேம் உள்ள, பின்னால் ஸ்பிரிங் இல்லாத கியர் வண்டிகள் டீ, காபி பிளாஸ்க் கட்டி விற்பவர்களுக்குப் போகின்றன. பிளாஸ்க் இட்லிப் பானையளவு எடையில்லை, ரிம்மைப் பக்கவாட்டில் பிடிக்கும் வி-பிரேக் மழையிலும் பிடிக்கும். கியரை எடுத்து ஒற்றைப் பல்லாக மாற்றுவதே வேலை. முன்னால் நடுப்பல் 34, பின்னால் 18. ஒரு மிதிக்குச் சக்கரம் 1.9 சுற்று. 44-க்கு 18 உள்ள பார் வண்டியில் அது 2.4. நின்று நின்று விற்று மறுபடி கிளம்புகிறவருக்கு இந்தக் குறைந்த விகிதம் முழங்காலைக் காக்கும்.

இதில் சிக்கல், புதிய ஃபிரேம்களில் சக்கரம் உட்காரும் வாய் நேர்கீழாக வெட்டியிருக்கும். செயினை இழுத்து வைக்கச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ள முடியாது. அப்படிப்பட்ட வண்டிகளில் பின் டிரெய்லியரை, அதாவது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கியர் கையை, கழற்றாமல், அதன் இரண்டு எல்லைத் திருகுகளையும் முறுக்கி, ஒரே பல்லுக்கு நேராக நிற்கும்படி பூட்டிவிடுகிறார்கள். அது செயினை இழுத்துப் பிடிக்கும் வேலையை மட்டும் செய்யும். கியர் லீவரும் கேபிளும் தனியே விற்பனைக்குப் போகும். கேரியருக்குத் துளை இல்லாத ஃபிரேமில் கிளாம்ப் போட்டால் வழுக்கிக் கீழிறங்கிவிடுகிறது. 25 × 3 மி.மீ. பட்டை இரும்பில் துளையிட்டு அச்சு நட்டோடு பூட்டியபிறகே நின்றது.

பணம் எங்கிருந்து

இட்லி வண்டிக்கு வேண்டிய ரிம், கம்பி, கேரியர் எதுவும் தானமாக வருவதில்லை. அவற்றைக் கல்பாதேவியில் மொத்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். அந்தக் காசைத் தருவது குழந்தை வண்டிகள். அவைதான் அதிகம் வருகின்றன, வேலை குறைவு, நடுத்தரக் குடும்பங்கள் தயங்காமல் வாங்குகின்றன, இரண்டு வருடத்தில் அதே வண்டி திரும்பவும் தானமாக வந்து சேரும். தானம் கொடுத்ததை விற்கிறார்களே என்ற முணுமுணுப்பு உண்டு. விற்காவிட்டால் இட்லி வண்டிக்குச் சக்கரம் கிடையாது என்று ரசீதிலேயே அச்சடித்துவிட்டார்கள்.

சுமை வண்டியை இலவசமாகக் கொடுப்பதில்லை. உதிரிக்கு ஆன செலவை மட்டும் தவணையில் வாங்குகிறார்கள். இலவசமாகக் கொடுத்த வண்டிகள் பஞ்சரானதும் ஓரமாய் நின்றன, சில கைமாறின. காசு கொடுத்தவர்தான் கம்பி தளர்ந்ததும் வந்து சண்டை போடுகிறார். அந்தச் சண்டை கடைக்கு வேண்டும்.

வீட்டு வேலைக்கு மாஹிம், பாந்திரா பக்கம் நடந்து போகும் பெண்களுக்கு வண்டி தரும் முயற்சி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அங்கே ஊர்ச்சாலை இருந்தது, கற்றுக்கொள்ள இடம் இருந்தது. இங்கே 90 அடி ரோட்டில் லாரிக்கும் கைவண்டிக்கும் நடுவே முதல்முறை ஏறச் சொல்ல முடியாது. போதாததற்கு, வேலை செய்யும் கட்டடத்தில் வாட்ச்மேன் வண்டி நிறுத்த விடுவதில்லை. வண்டி வாங்கியவர்களில் சிலர் அதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி நடக்கிறார்கள். கடையால் சரிசெய்யக்கூடிய கோளாறு அல்ல இது. ஞாயிறு காலையில் பள்ளி மைதானத்தில் கற்றுக்கொடுப்பது தொடர்கிறது, அவ்வளவுதான்.

மழைக்கு முன்னும் பின்னும்

ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை இறங்கிவிடும். மே மாதத்திலேயே சுமை வண்டிகளின் ஹப்பைத் திறந்து லித்தியம் கிரீஸை நிறைய அடைத்துவிட்டால், வெளியே பிதுங்கும் கிரீஸே தண்ணீரைத் தடுக்கும் வளையமாகிறது. ஹப் மூழ்கும் அளவுத் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் இந்தக் காவலும் உதவாது. அந்த வாரமே திறந்து துடைக்க வேண்டும், அக்டோபர் வரை விட்டால் கோனும் கப்பும் சேர்ந்தே போகும். ஈரமான குரோம் இரும்பு ரிம்மில் ராடு பிரேக் சரியாகப் பிடிக்காது. சுமையோடு பாலம் இறங்கும்போது பத்து அடி முன்னாலிருந்தே கட்டையை லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும். முடிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நல்லது.

வண்டி கொடுக்க நினைக்கும் சொசைட்டிகளிடம் கடை கேட்பது மூன்றே. பூட்டின் சாவியைத் தேடிக் கட்டி அனுப்புங்கள். சீட் கம்பி துருவில் இறுகியிருந்தால் நீங்களே சுத்தியலால் தட்டிப் பார்க்காதீர்கள். வாட்ச்மேனோ இஸ்திரிக்காரரோ பழைய பார் வண்டி ஒன்றை மூலையில் போட்டுவிட்டுப் போயிருந்தால், பளபளக்கும் கியர் வண்டிகளோடு அதையும் மறக்காமல் பட்டியலில் எழுதுங்கள்.